கிருஷ்ணகிரி மாந்தோப்பு: பூ முதல் பறிப்பு வரை, புதியவர்களுக்கான செய்முறை

பர்கூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை, காவேரிப்பட்டினம் பகுதிகளில் மாந்தோப்பைக் குத்தகைக்கு விடாமல் இவ்வாண்டு முதன்முறையாகத் தாமே பராமரிக்க எண்ணுவோருக்காக இதை எழுதுகிறேன். பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கிறார்கள் என்பதற்காக நாமும் அடிப்பதே இங்கு நிகழும் வீண் செலவுகளில் பெரியது. ஒவ்வொரு வேலைக்கும் முன் மரம் எந்தப் பருவத்தில் இருக்கிறது, அடுத்த சில நாள்களுக்கு வானிலை எப்படி இருக்கும் என்னும் இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

முதல் படி: கவாத்தும் உரமும்

பறிப்பு முடிந்த பின், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், காய்ந்த கிளைகளையும் நோயுற்ற கிளைகளையும் உட்புறமாக நெருங்கி வளர்ந்தவற்றையும் வெட்டி நீக்குங்கள். வெயிலும் காற்றும் புகாத அடர்ந்த மரத்தில்தான் தத்துப்பூச்சி பெருகும் என்பதால், இந்தக் கவாத்தையே முதல் பூச்சி மேலாண்மையாகக் கருதலாம். ஆறு வயதைக் கடந்த மரம் ஒன்றுக்கு 50 கிலோ தொழு உரத்துடன் தழைச்சத்து 1 கிலோ, மணிச்சத்து 1 கிலோ, சாம்பல்சத்து 1.5 கிலோ கிடைக்கும்படி செப்டம்பர், அக்டோபரில் இட்டு, மண்ணோடு கலந்துவிட வேண்டும். மண் பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவுப்படி இந்த அளவைக் குறைக்கலாம்.

இரண்டாம் படி: நீரை நிறுத்துதல்

பூப்பதற்கு இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்பே பாசனத்தை நிறுத்திவிட வேண்டும். வறண்ட மண்ணும் குளிர்ந்த இரவுகளும் சேரும்போதுதான் மரம் துளிர் விடுவதை நிறுத்திப் பூவெடுக்கத் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீண்டால் பூ தாமதமாகும். அதற்காகப் பதற வேண்டியதில்லை. பிப்ரவரியிலும் பூக்காத மரங்களுக்கு மட்டும் பொட்டாசியம் நைட்ரேட்டை லிட்டருக்கு 10 கிராம் வீதம் கரைத்து இலைகளில் தெளிக்கலாம். பூக்கத் தூண்டும் பேக்லோபூட்ரசாலைப் புதியவர்கள் தாமாக ஊற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது மண்ணில் நெடுநாள் தங்கும், நலிந்த மரத்தை மேலும் நலிவடையச் செய்யும்.

மூன்றாம் படி: பூங்கொத்தைக் காத்தல்

ஆண்டு விளைச்சல் பெரும்பாலும் இந்தச் சில வாரங்களில் முடிவாகிவிடுகிறது. ஒரு கொத்தில் பல நூறு முதல் சில ஆயிரம் வரை பூக்கள் இருந்தாலும், இருபால் பூக்கள் மட்டுமே காயாக முடியும். அவற்றிலும் மிகச் சிலவே பழமாகத் தேறும்.

நாள்தோறும் காலையில் தோப்பின் நான்கு பக்கமும் நடுவிலும் சில மரங்களைத் தேர்ந்து, பூங்கொத்தை வெள்ளைத் தாளின் மேல் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஆப்பு வடிவில், பக்கவாட்டில் நகர்ந்து துள்ளும் சிறு பூச்சிகள் விழுந்தால் அவை தத்துப்பூச்சிகள். அவை சாற்றை உறிஞ்சுவதால் பூக்கள் கருகி உதிர்கின்றன. அவை கழிக்கும் இனிப்பான நீர் இலைகளில் ஒட்டுவதால் கரும்பூசணம் படர்கிறது. பனியும் மேகமூட்டமும் தொடரும் நாள்களில் இவற்றின் எண்ணிக்கை விரைவில் உயரும்.

கொத்து வெளிவந்து பூ விரியாத நிலையில் பூச்சி தென்பட்டால், லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து தெளியுங்கள். தாக்குதல் கடுமையாக இருந்தால் மட்டும் இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். மருந்தை லிட்டருக்கு 0.3 மி.லி. வீதம் ஒருமுறை தெளிக்கலாம். அதே மருந்தை மீண்டும் மீண்டும் அடித்தால் பூச்சி அதைத் தாங்கப் பழகிவிடும். பூக்கள் முழுமையாக விரிந்திருக்கும்போது எந்தப் பூச்சிக்கொல்லியும் வேண்டாம். மகரந்தத்தைச் சுமக்கும் ஈக்களும் தேனீக்களும் மடிந்தால் காய் எங்கிருந்து வரும்?

பூங்காம்பில் வெண்பொடி தூவியது போலத் தெரிந்தால் அது சாம்பல் நோய். நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் வெயில் ஏறுமுன் தெளிக்க வேண்டும். வேப்பெண்ணெய் தெளித்த மரத்தில் இரண்டு வாரம் கழியாமல் கந்தகத்தைத் தெளித்தால் பூ கருகும் வாய்ப்பு உண்டு. மழை அறிவிப்பு உள்ள நாளில் தெளிப்பது வீண். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் மாவட்ட வேளாண் வானிலை அறிவுரையை ‘மேகதூத்’ செயலியில் பார்த்த பின் மருந்து கலக்குங்கள். சந்தேகம் இருந்தால் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்குப் பாதிக்கப்பட்ட கொத்தையே எடுத்துச் சென்று காட்டலாம்.

நான்காம் படி: பிஞ்சும் நீரும்

பிஞ்சு பட்டாணி அளவை எட்டியதும் பாசனத்தைச் சிறிது சிறிதாகத் தொடங்குங்கள். வறண்ட மண்ணில் திடீரெனப் பெருமளவு நீர் பாய்ச்சினால் பிஞ்சு கொட்டும். அதற்கு முன், பிஞ்சு கடுகளவில் இருக்கும்போதே 2 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசல் தெளித்தால் பிஞ்சு நிலைக்கும். கோலிக்குண்டு அளவில் கொட்டைக் கூன்வண்டு முட்டையிடத் தொடங்குகிறது. நீலம், பெங்களூரா ஆகிய மா ரகங்களில் இதன் தாக்குதல் மிகுதி. உதிர்ந்த பிஞ்சுகளை வாரம் ஒருமுறையேனும் பொறுக்கி அழிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பழ ஈயும் பறிப்பும்

செந்தூரா ரகம் முன்னதாகவே பறிப்புக்கு வந்துவிடுவதால் பழ ஈயிடமிருந்து பெரும்பாலும் தப்பிவிடும். ஜூன், ஜூலை மழையில் முதிரும் பெங்களூராவும் நீலமும்தான் பழ ஈக்கு இரையாகின்றன. காய் முதிர்வதற்கு ஒன்றரை மாதம் முன்பே, ஏக்கருக்கு 10 என்ற கணக்கில் மீத்தைல் யூஜினால் பொறிகளைக் கிளைகளில் கட்டுங்கள். பொறி ஆண் ஈக்களை மட்டுமே ஈர்க்கும் என்பதால், உதிர்ந்த பழங்களை ஆழக் குழிவெட்டிப் புதைக்கும் வேலையைக் கைவிடக் கூடாது. புழு அந்தப் பழத்திலிருந்து இறங்கி மண்ணில்தான் கூட்டுப்புழுவாகிறது. அறுவடை முடிந்ததும் மரத்தடியை மேலோட்டமாக உழுதுவிட்டால் அவை வெயிலுக்கும் பறவைகளுக்கும் வெளிப்படும்.

காயைச் சிறு காம்புடன் பறித்து, பால் வடியும்படி தலைகீழாகச் சற்று நேரம் வைத்த பின் கூடையில் அடுக்குங்கள். பால் பட்ட தோல் கருத்து விலை குறையும். கடைசியாகத் தெளித்த மருந்தின் சீட்டில் குறித்துள்ள காத்திருப்பு நாள்கள் முடியுமுன் ஒரு காயையும் பறிக்கக் கூடாது. பழுக்கவைக்கக் கால்சியம் கார்பைடு கல்லைப் பயன்படுத்துவது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. எத்திலீன் வாயு வசதியுள்ள பழுக்கவைக்கும் அறைகளுக்கு அனுப்புங்கள்.