கேஷ் வேறு, காசு வேறு

போன வாரம் ஒரு கல்லூரி மாணவர், ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்கள் என்று 40 சொற்களைப் பட்டியல் போட்டுக் கொண்டுவந்தார். மூன்றாவது வரியிலேயே ‘கேஷ் – காசு’. எனக்குப் பகீரென்றது. பத்து வருஷத்துக்கு முன்னால் இதே வரியை நானும் எழுதியிருக்கிறேன், அதுவும் அச்சில். சொல்லின் வேர் தேடும்போது நாம் சறுக்கும் இடங்களைச் சொல்கிறேன். அகராதியைப் புரட்டாமல் எழுதுவது போன்ற தவறுகளை விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரியும்.

காதை நம்புவது

ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ், பிரெஞ்சு ‘கேஸ்’, இத்தாலிய ‘காஸ்ஸா’ வழியாக வந்தது. மூலம் லத்தீன் ‘காப்ஸா’, அதாவது பெட்டி. ஆரம்பத்தில் பணப்பெட்டிக்கும் கேஷ் என்றுதான் பெயர். அப்புறம் பெட்டி மறைந்து உள்ளே இருந்த பணம் மட்டும் நின்றது. ‘இன்னைக்குக் கல்லா எவ்வளவு?’ என்று நம் கடைகளில் கேட்பதில்லையா, அப்படி. கேஷியர் கல்லாவில் உட்காருபவர்தான்.

வம்பு எங்கே என்றால், நம் காசிலிருந்து பிறந்த கேஷும் ஒன்று உண்டு. போர்ச்சுகீசியர் வாயில் உருமாறி ஆங்கிலத்துக்குப் போன நாணயப் பெயர் அது. 1808-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்கு அடித்த செப்புக்காசில் ரோமன் எண்ணில் ‘20 கேஷ்’ என்றே பொறித்திருக்கும். எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று, இரண்டுமே பணம். ஆனால் ஒட்டுறவே இல்லாத இரண்டு சொற்கள்.

அந்த நாணயத்தின் படத்தைப் பார்த்த ஜோரில் நான் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டேன். 300 பிரதி அச்சான பிறகு, ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் தபால் அட்டையில் ஒரே வரி எழுதியிருந்தார்: ‘அப்போ இத்தாலிக்காரன் பெட்டியை என்ன செய்வது?’ ஒவ்வொரு பிரதியிலும் திருத்தச் சீட்டு ஒட்டினேன். இரண்டு நாள் விரலெல்லாம் பசை.

‘எயிட் – எட்டு’ம் இதே ரகம். எயிட்டின் எழுத்துக்கூட்டலில் ஊமையாக நிற்கும் ஜி-எச், ஒரு காலத்தில் தொண்டையில் உரசி ஒலித்தது. லத்தீனில் அந்த இடத்தில் ‘க்’: ஆக்டோ. நம் எட்டோ எண்பது, எண்ணூறு என்று ‘எண்’ணுக்குப் போகிறது. உறவுள்ள சொற்கள் பின்னோக்கிப் போகப்போக நெருங்கும், இவை விலகுகின்றன.

முதலெழுத்துக் கதைகள்

நியூஸ் என்பது நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் என்ற நான்கு திசைகளின் முதலெழுத்து என்பார்கள். இல்லை. ‘நியூ’ என்றால் புதிது, நியூஸ் என்றால் புதியவை, அவ்வளவுதான்.

பழைய பொருளைப் பிடித்துத் தொங்குவது

‘நைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு அறியாதவன் என்று பொருள். இன்று யாராவது உங்களை நைஸ் என்று சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள்.

வந்த வழியைக் காட்டாமல் விடுவது

மாணவரின் பட்டியலில் ‘கேட்டமரான் – கட்டுமரம்’ என்பதும் இருந்தது. “இதையும் அடிச்சிடவா சார்?” என்றார் மாணவர். வேண்டாம் என்றேன். 1697-இல் வெளியான பயண நூலில் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர், சோழமண்டலக் கரையில் ஆட்கள் ஏறிப்போகும் மரங்களைப் பற்றி இதே பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். எந்தக் கரை, யார் கேட்டார், எந்த ஆண்டு, எல்லாம் கையில் இருக்கிறது. மற்ற சொற்களுக்கும் இதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனோம். சாயங்காலம் பட்டியலில் 11 மிஞ்சியது.