எழுந்து செல்வதற்கு முன் பத்து நிமிடம்: கல்லூரி ஆய்வகத்தில் பொதுக் கணினியைப் பயன்படுத்தும் முறை

மாலை நாலரை மணிக்குக் கணினி ஆய்வகத்தின் வாசலில் நின்று பார்த்தால், மாணவர்கள் எவ்வளவு அவசரமாகக் கிளம்புகிறார்கள் என்பது தெரியும். குடியாத்தத்துக்கும் ஆம்பூருக்கும் ஆரணிக்கும் அணைக்கட்டுக்கும் போகவேண்டிய பிள்ளைகள், அடுத்த பேருந்தைத் தவறவிட்டால் வீடு சேர இருட்டிவிடுமே என்ற கவலையில், திரையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைத் தேடி ஓடுவார்கள். வேலூர்ப் பக்கத்தில் பல ஆண்டுகள் ஆய்வக உதவியாளராக இருந்தவன் நான். பொதுக் கணினியால் மாணவர்களுக்கு வந்த இழப்புகளில் நான் கண்டவை பெரும்பாலும் அந்தக் கடைசி நிமிடங்களில் நேர்ந்தவையே. ஆகவே ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் ஐம்பது நிமிடம்தான் வேலைக்கு உரியது என்று கணக்கு வைத்துக்கொண்டு, மீதிப் பத்து நிமிடத்தை வெளியேறுவதற்கென்றே விட்டுவைக்க வேண்டும்.

உட்கார்ந்ததும் முதலில் செய்யவேண்டியது, கணினியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை உங்கள் நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்வது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும்போது எழுதுகிறோமே என்று நினைக்கவேண்டாம். அந்தப் பதிவேடு ஆய்வகத்திலேயே இருக்கும், உங்கள் கையில் இராது. பிறகு விசைப்பலகையின் கம்பி கணினியில் செருகப்பட்டிருக்கும் இடத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கம்பிக்கும் கணினிக்கும் நடுவில் விரல் நுனி அளவுக்கு ஏதேனும் கருவி செருகியிருந்தால் அதைத் தொடாமல் உதவியாளரை அழையுங்கள். தட்டும் ஒவ்வொரு விசையையும் பதிந்து வைக்கும் கருவிகள் அந்த உருவத்தில்தான் விற்கப்படுகின்றன.

முன்னால் இருந்தவரின் மின்னஞ்சல் திறந்தபடியே இருந்தால், ஒரு வரியும் படிக்காமல் அதிலிருந்து வெளியேறி விடுவதே முறை. வேடிக்கைக்காக அந்தக் கணக்கிலிருந்து யாருக்கோ செய்தி அனுப்பிய மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறருடைய கடவுச்சொல்லையோ மின்னணு அடையாளத்தையோ ஏமாற்று நோக்கத்துடன் பயன்படுத்தினால், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பதை அவர்களில் யாரும் அறிந்திருக்கவில்லை. தோழனுக்குக் கடவுச்சொல்லைச் சொல்லிக்கொடுப்பதும் நல்லதன்று, ஏனென்றால் உங்கள் பெயரில் நடக்கும் எல்லாவற்றுக்கும் முதலில் விளக்கம் கேட்கப்படுவது உங்களிடம்தான்.

இணைய உலாவியைத் திறக்கும்போது மறைநிலைச் சாளரத்தில் திறப்பதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என் ஆகிய மூன்று விசைகளையும், ஃபயர்ஃபாக்ஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது திறக்கும். அந்த வகைச் சாளரங்கள் எல்லாவற்றையும் மூடியவுடன் பார்த்த பக்கங்களின் வரலாறும் உள்நுழைவும் அந்தக் கணினியிலிருந்து நீங்கிவிடும். ஆனால் மறைநிலை என்ற சொல்லைக் கேட்டு அளவுக்கு மீறி நம்பிவிடக் கூடாது. நீங்கள் எந்தத் தளங்களுக்குச் சென்றீர்கள் என்பதைக் கல்லூரியின் வலையமைப்பு அறியமுடியும். பதிவிறக்கிய கோப்பும் சாளரத்தை மூடிய பின் டவுன்லோட்ஸ் கோப்புறையில் அப்படியே கிடக்கும்.

அந்தக் கோப்புறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கல்வி உதவித்தொகை விண்ணப்பக் காலங்களில் எந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்தாலும் ஆதார் அட்டைகளும் சாதிச் சான்றிதழ்களும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் வரிசையாகக் கிடப்பதைக் கண்டு நான் பதறியிருக்கிறேன். இ-ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அது பெயரின் முதல் நான்கு எழுத்துகளை ஆங்கிலப் பெரிய எழுத்தில் இட்டு, அதனுடன் பிறந்த ஆண்டைச் சேர்த்தால் வருவது. கூடப் படிப்பவருக்கு இரண்டும் தெரியும். ஆகவே இத்தகைய கோப்புகளைக் கணினியில் இறக்காமல் நேரே பென் டிரைவில் சேமியுங்கள். இறக்கியே தீரவேண்டி வந்தால், வேலை முடிந்ததும் கோப்பைத் தேர்ந்து ஷிஃப்ட் விசையுடன் டெலீட் விசையை அழுத்துங்கள். டெலீட் மட்டும் அழுத்தினால் அது குப்பைத் தொட்டிக்குப் போய் அங்கே காத்திருக்கும்.

உலாவி கடவுச்சொல்லையோ முகவரியையோ நினைவில் வைக்கட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். வேண்டுமென்று யாரோ சொல்லிவிட்டுப் போன கணினியில் விண்ணப்பம் நிரப்பும்போது, முன்னவருடைய முகவரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நம் பக்கத்தில் இதனால் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் அரக்கோணம் இராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் போய்விட்டன, ஆனால் பழைய சான்றிதழ்களில் வேலூர் என்றே இருக்கும். தானாக நிரம்பிய மாவட்டப் பெயரைப் பழக்கத்தில் சரியென்று எண்ணி அனுப்பிவிட்டால், திருத்துவதற்கு அலைய வேண்டியிருக்கும்.

இனி, செய்த வேலையைச் சேமிப்பது. பல ஆய்வகங்களில் கணினியை அணைத்து மறுபடி போட்டதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்படி மென்பொருள் அமைத்திருப்பார்கள். வைரஸும் தேவையற்ற நிரல்களும் தங்காமலிருக்க அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதை அறியாதவருக்கு அதைவிடக் கொடியது வேறில்லை. முதுகலை மாணவி ஒருவர் ஒரு வாரம் தட்டச்சு செய்த திட்ட அறிக்கையின் கடைசி அத்தியாயத்தை, நாளைக்கு வந்து முடிக்கலாம் என்று டெஸ்க்டாப்பிலேயே வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை நான் அந்தக் கணினியைப் போட்டபோது, திரையில் கல்லூரியின் படமும் குப்பைத் தொட்டியும் மட்டுமே இருந்தன. அவர் அழவில்லை, திரையையே பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். இந்தக் கணினியில் எதுவும் தங்காது என்று ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்க வேண்டியவன் நான். அன்றே எழுதி எல்லாத் திரைகளின் கீழும் ஒட்டினேன்.

ஆகவே கோப்பைத் திறந்த உடனேயே பெயரிட்டுப் பென் டிரைவில் சேமித்துவிடுங்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கண்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்துங்கள். மின்சாரம் போனால் யு.பி.எஸ். தாங்கும் என்று நம்பியிருக்க வேண்டாம், கோடையில் பழைய பேட்டரிகள் இரண்டு நிமிடம்கூடத் தாங்குவதில்லை. எழும் முன் அதே கோப்பை உங்கள் மின்னஞ்சலுக்கே ஒருமுறை அனுப்பிவைத்தால், பென் டிரைவ் தொலைந்தாலும் வேலை தொலையாது. கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்தால் எது புதியது என்ற குழப்பமும் வராது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு கவனம் தேவை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பக்கம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யுனிகோடில் தட்டினால் எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழாகவே இருக்கும். விண்டோஸ் 10இன் 2019 மே மாதப் பதிப்பிலிருந்து தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே வருகிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தபின், விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் வரும் அமைப்பு அது. அம்மா என்று தட்ட அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும்; ஒரே மெய் இரண்டாம் முறை வரும்போது முன்னதற்குப் புள்ளி தானே விழுந்துவிடும். ஒரு வாரம் பழகினால் விரல் தானாகப் போகும். ஆனால் எழும்போது விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டே எழவேண்டும். அடுத்து வருபவர் தட்டும் கடவுச்சொல் வெறும் புள்ளிகளாகத்தானே தெரியும்? உள்ளே தமிழ் விழுந்துகொண்டிருப்பதை அறியாமல் அவர் மீண்டும் மீண்டும் முயன்று, கணக்கே முடங்கிப்போகும்.

பென் டிரைவில் வரும் வைரஸ் பெரும்பாலும் கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் தொற்றுவதாகவே என் அனுபவம் சொல்கிறது. நாள் முழுதும் நூறு பேருடைய பென் டிரைவ் ஏறி இறங்கும் கணினி அது, கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அச்சு எடுக்கவென்று சிறிய பென் டிரைவ் ஒன்றைத் தனியாக வைத்து, அதில் அன்றைய பி.டி.எஃப். கோப்பை மட்டும் போட்டுக்கொண்டு போங்கள். கோப்புறைகள் எல்லாம் திடீரென்று குறுக்குவழிச் சின்னங்களாக மாறியிருந்தால் எதையும் இருமுறை சொடுக்காதீர்கள். உள்ளே உள்ளவை பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். உதவியாளரிடம் கொடுத்தால் மீட்டுத் தருவார்.

தண்ணீர் பாட்டிலை மேசைமேல் வைக்காதிருப்பது, வரிசையில் ஒருவர் காத்திருக்கையில் படம் இறக்காதிருப்பது, கெட்டுப்போன மவுஸைப் பக்கத்துக் கணினியின் மவுஸுடன் மாற்றிவைக்காமல் பழுதுப் பதிவேட்டில் எழுதுவது ஆகியவற்றை எல்லோரும் அறிவார்கள்.

கடைசிப் பத்து நிமிடத்துக்கு வருவோம். முதலில் கோப்பைச் சேமித்து மூடுங்கள், பிறகு பென் டிரைவை முறைப்படி விடுவித்து எடுத்துச் சட்டைப்பையில் வையுங்கள். அடுத்ததாக மின்னஞ்சல், வாட்ஸ்அப், கல்லூரி இணையதளம் ஒவ்வொன்றிலும் வெளியேறு என்பதை அழுத்துங்கள். சாளரத்தின் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்துவது மட்டும் வெளியேறுவதாகாது. டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், குப்பைத் தொட்டி மூன்றையும் திறந்து பாருங்கள். இறுதியில் உங்கள் பயனர் கணக்கிலிருந்து வெளியேறி, உள்நுழைவுத் திரை வரும்வரை நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இத்தனைக்கும் பிறகு, பேருந்து பள்ளிகொண்டாவைத் தாண்டும்போது ஏதோ ஒன்றை மூடாமல் வந்துவிட்டோமே என்று நெஞ்சு திடுக்கிட்டால், கைப்பேசியிலேயே சரிசெய்யலாம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் உங்கள் சாதனங்கள் என்ற பட்டியலைத் திறந்து, ஆய்வகக் கணினியைத் தேர்ந்து வெளியேற்றிவிட்டுக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தில் அதையே செய்யலாம். மறந்தது ஒரு கோப்பாக இருந்தால் மட்டும் ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டி வரும். அப்போது உதவியாளர் கேட்கும் முதல் கேள்வி எந்தக் கணினி என்பதாக இருக்கும். அந்த எண் உங்கள் நோட்டின் ஓரத்தில் இருக்கிறது.