பழங்காலக் கட்டடத்தின் உறுதியை ஆராய லேசர் ஸ்கேன்: முதல்முறை செய்பவர்களுக்கு

பழைய கல், செங்கல் கட்டடங்கள் வரைபடத்தில் இருப்பதுபோல நேராக நிற்பதில்லை. சுவர் சாய்ந்திருக்கும், வளைவு தொய்ந்திருக்கும், தூண் ஒருபக்கம் இறங்கியிருக்கும். கட்டமைப்பை ஆராய்பவருக்கு வேண்டியதே அந்தக் கோணல்தான். அதைச் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் பிடித்துத் தருகிறது லேசர் ஸ்கேனர். லேசர் கதிர் பட்ட ஒவ்வொரு இடத்தையும் அது ஒரு புள்ளியாகப் பதிவு செய்யும்; அந்தப் புள்ளிகளின் தொகுப்பைத்தான் புள்ளித்திரள் என்கிறோம்.

1. முதலில் எதைத் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். சுவரின் சாய்வுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி இருந்தால் தாராளம். மயிரிழை விரிசல் ஸ்கேனில் சிக்காது, அதற்கு நல்ல புகைப்படம் எடுங்கள்.

2. ஒவ்வொரு ஸ்கேனும் முந்தையதோடு மூன்றில் ஒரு பங்காவது ஒரே பரப்பைப் பார்க்க வேண்டும். உள்ளே எடுத்ததையும் வெளியே எடுத்ததையும் இணைக்க வாசற்படியிலேயே கருவியை நிறுத்தி ஒரு ஸ்கேன் எடுங்கள். அந்த இணைப்பு 2 செ.மீ. பிசகினால் சுவர்க்கனமும் அதே அளவு பிசகிவிடும்.

3. ஸ்கேன்களை ஒன்றாக இணையுங்கள். கிளவுட்கம்பேர் என்ற இலவச மென்பொருளே தொடக்கத்துக்குப் போதும். இங்கே ஒரு எச்சரிக்கை: கருவியின் மட்டம் காட்டும் செங்குத்தை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். படம் நேராகத் தெரியட்டும் என்று புள்ளித்திரளைச் சற்றே திருப்பினால், அளக்க வந்த சாய்வே காணாமல் போய்விடும்.

4. அப்புறம் மீட்டருக்கு ஒன்றாகச் செங்குத்து வெட்டுமுகங்கள், அதாவது சுவரை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்தாற்போன்ற கோடுகள், எடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. கோடு நேராகச் சாய்ந்திருந்தால் அடித்தளம் ஒருபக்கம் இறங்கியிருக்கலாம். நடுவில் வயிறு தள்ளியிருந்தால், சுவரின் வெளியடுக்கு உள்ளடுக்கிலிருந்து பிரிந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

ஒரு கணக்கு: 90 செ.மீ. கனமான சுவரின் உச்சி 10 செ.மீ. வெளியே சாய்ந்திருக்கிறது. கனம் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி என்றால், சுவரின் சொந்த எடை அடிமட்டத்தில் நடுவிலிருந்து 5 செ.மீ. தள்ளி விழும். எல்லை 15 செ.மீ., அதாவது கனத்தில் ஆறில் ஒரு பங்கு. அதைத் தாண்டினால் ஒரு ஓரத்தில் மூட்டுகள் திறக்கத் தொடங்கும். சரி, பயமில்லை என்று இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். மேலே வளைவுக் கூரை இருந்தால் அதன் பக்கவாட்டுத் தள்ளலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

5. கோடிக்கணக்கான புள்ளிகளை அப்படியே, கட்டடம் சுமையைத் தாங்குமா என்று கணக்கிடும் பகுப்பாய்வு மென்பொருளில் கொட்டினால் கணினி திணறும், விடையும் தெளிவாக வராது. வெட்டுமுகங்களை வைத்து எளிய திட மாதிரியை நீங்களே வரையுங்கள். கல்லின் சொரசொரப்பை விட்டுவிடலாம், தொய்வையும் சாய்வையும் விடக்கூடாது.

6. லேசர் மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். சுவருக்குள் நிரப்பியது சல்லியா, வெற்றிடமா என்பதைத் தரை ஊடுருவும் ராடாரோ, சிறு துளை வழியே விடும் கேமராவோதான் சொல்லும்.

7. மூல ஸ்கேன்களை இ57 (E57) என்ற பொதுவான கோப்பு வடிவில் பத்திரப்படுத்துங்கள். பாரிசின் நோத்ர் தாம் பேராலயத்தைக் கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் 2010இல் ஸ்கேன் செய்தது, 2019 தீக்குப் பிறகு சீரமைப்புக்குக் கைகொடுத்தது. பின்னொரு நாள் மறுபடி ஸ்கேன் செய்து அசைவை ஒப்பிட நினைத்தால், கட்டடத்துக்கு வெளியே அசையாத இடங்களில் நிலையான குறிகளை இப்போதே பதித்துவிடுங்கள்.