ஸ்டாக்ஹோம் மாநாட்டுக்குச் செல்பவர்கள் ஊர் பார்ப்பதில் செய்யும் தவறுகள்

மாநாட்டுக்காக ஸ்டாக்ஹோம் செல்பவர்களில் பலர், பகலெல்லாம் அமர்வுகளில் இருந்துவிட்டு மாலையில் ஊரைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடுதான் விமானம் ஏறுகிறார்கள். முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அமர்வுகள் நடக்கும் அதே நேரத்தில்தான் அந்நகரின் அருங்காட்சியகங்களும் திறந்திருக்கும். அவற்றில் பல மாலை 5 மணியோடு கதவடைத்துவிடும். தேசிய அருங்காட்சியகமும் நவீனக் கலை அருங்காட்சியகமும் திங்கட்கிழமை திறப்பதே இல்லை. ஆகவே நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்த அன்றே, நம் துறையோடு அதிகம் ஒட்டாத அமர்வுகள் எந்த அரைநாளில் வருகின்றன என்று பார்த்து, அந்த அரைநாளை ஊருக்காக ஒதுக்கிவிட வேண்டும்.

அதை எங்கே செலவிடுவது என்பதில் எனக்கு ஐயமே இல்லை: யூர்கோர்டன் தீவிலுள்ள வாசா அருங்காட்சியகத்தில்தான். 1628 ஆகஸ்ட் 10 அன்று, 64 பீரங்கிகளோடு முதல் பயணம் புறப்பட்ட வாசா என்னும் போர்க்கப்பல், ஏறத்தாழ 1,300 மீட்டர் தூரம் சென்றதுமே காற்றில் சாய்ந்து, பீரங்கித் துளைகளின் வழியே நீர் புகுந்து துறைமுகத்திலேயே மூழ்கியது. பால்டிக் கடலில் உப்பு குறைவு என்பதால் மரத்தை அரிக்கும் கப்பல் புழு அங்கே வாழ்வதில்லை. அதனால்தான் 333 ஆண்டுகள் கழித்து, 1961இல், அந்தக் கப்பலை ஏறக்குறைய முழுதாகவே மேலே கொண்டுவர முடிந்தது. இங்கே பலர் செய்யும் தவறு, கீழே நின்று அண்ணாந்து பார்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு அரைமணி நேரத்தில் வெளியேறிவிடுவது. மரத்தைக் காப்பதற்காக உள்ளே வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருக்கிறார்கள். கண் அதற்குப் பழகவே சில நிமிடங்கள் ஆகும். அதன்பின் மேல்தளத்துக்கு ஏறிப் பின்புறத்தைப் பாருங்கள்: சிறுவனாகச் செதுக்கப்பட்ட மன்னன் குஸ்டாவ் அடால்ஃபின் தலைக்கு மேல், கழுகு முகமும் சிங்க உடலும் கொண்ட இரு விலங்குகள் மகுடத்தைத் தாங்கி நிற்கும். கோடை தவிர்த்த மாதங்களில் புதன்கிழமை இரவு 8 மணிவரை திறந்திருப்பது மாநாட்டுக்கு வருபவர்களுக்குப் பெரிய வசதி. எனினும் புறப்படுமுன் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு, வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது. டிசம்பரில் பிற்பகல் 3 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் இரவு 10 மணிவரை மறையாது. குளிர்காலத்தில் செல்பவர்கள், காம்லா ஸ்தான் என்னும் பழைய நகரத்தின் சந்துகளையும் நீர்க்கரைகளையும் மதிய இடைவேளையிலேயே பார்த்துவிடுவது நல்லது. கோடையில் செல்பவர்கள் இரவு உணவை முடித்துக்கொண்டு, சோடர்மால்ம் தீவின் மேட்டிலுள்ள மொண்டேலியஸ் நடைபாதைக்குப் போனால், நீருக்கு அப்பால் நகர மன்றத்தின் செங்கல் கோபுரத்தை அந்தி வெளிச்சத்தில் காணலாம்.

அந்த நகர மன்றத்துக்குள் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. வழிகாட்டியுடன் செல்லும் குழுக்களுக்கு மட்டுமே அனுமதி. ஆனால் சில பெரிய மாநாடுகளுக்கு அங்கேயே வரவேற்பு விருந்து நடப்பதுண்டு. பயணக் களைப்பில் அந்த அழைப்பை விட்டுவிடாதீர்கள். நோபல் விருந்து நடக்கும் நீல மண்டபத்தில் நீலமே கிடையாது: நீலம் பூச எண்ணியிருந்த கட்டடக் கலைஞர் ராக்னர் ஓஸ்ட்பெரி, செங்கல்லின் அழகைக் கண்டு அதை அப்படியே விட்டுவிட்டார், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நம்மவர்கள் கூடவே பார்க்க வேண்டியது, 1930இல் சர் சி.வி. ராமன் நோபல் பரிசு பெற்ற இசை அரங்கம். அது நகர நடுவிலேயே இருக்கிறது.

பணத்தைப் பொறுத்தவரை, யூரோ மாற்றிக்கொண்டு போவது வீண். 2003இல் நடந்த பொது வாக்கெடுப்பில் ஸ்வீடன் மக்கள் யூரோவை ஏற்க மறுத்தார்கள்; அங்கே செல்லுபடியாவது குரோனா. அதையும் தாளாக வாங்க மறுக்கும் கடைகள் ஏராளம் என்பதால், வெளிநாட்டில் செல்லும் கார்டு ஒன்று கட்டாயம் வேண்டும்.

மெட்ரோ ரயிலை வெறும் போக்குவரத்தாக நினைப்பதும் தவறுதான். ஒருமுறை எடுக்கும் டிக்கெட் 75 நிமிடங்களுக்குச் செல்லும். ஸ்லுசனிலிருந்து யூர்கோர்டனுக்குப் போகும் படகிலும் அதே டிக்கெட் போதும். மழையோ பனியோ பெய்து வெளியே நடக்க முடியாத மாலையில், குகை போலக் குடைந்த பாறையையே சுவராக விட்டு ஓவியம் தீட்டிய நிலையங்களைப் பார்த்து வரலாம். மத்திய நிலையத்தின் நீலத் தடத்தில், வெண்பாறையில் படரும் நீல இலைக்கொடிகளைப் பார்த்தபடி சற்று நடந்தால், அந்நிலையத்தைக் கட்டிய தொழிலாளர்களின் நிழலுருவங்களையும் அதே நீலத்தில் வரைந்திருப்பது தெரியும். ரயிலுக்கு ஓடுபவர்களின் கண்ணில் அவை படுவதில்லை.

கடைசி நாளுக்கென்று எதையும் மிச்சம் வைக்காதீர்கள். ஆர்லாண்டா விமான நிலையம் நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஸ்டாக்ஹோம் என்ற பெயரோடு டிக்கெட் விற்கப்படும் ஸ்காவ்ஸ்டா விமான நிலையமோ ஏறத்தாழ 100 கிலோமீட்டர். டிக்கெட்டில் இருப்பது எந்த நிலையம் என்பதை முன்பதிவு செய்யும்போதே பார்த்துவிடுங்கள்.