காரைக்குடியில் இசைத்தட்டுக் கடை போட நினைக்கிறீர்களா?

மாதம் ஒருவராவது வந்து கேட்டுவிடுகிறார்: "அண்ணே, நானும் ஒரு ரிக்கார்டு கடை போடலாம்னு இருக்கேன். ஓடுமா?"

ஓடாது தம்பி, நடக்கும்.

பழம்பொருள் கடைகள் நிறைந்த முனீஸ்வரன் கோவில் தெருவை ஒட்டிய சந்தில் பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அப்பா மைக் செட் வைத்திருந்தவர். கேசட் வந்ததும் பரணில் ஏறிய அவருடைய தட்டுகள்தான் என் முதல். இந்த ஊருக்கு இது புதுத் தொழிலும் இல்லை. நம்ம ஊர் ஏவி.மெய்யப்பன் படம் எடுக்கப் போவதற்கு முன்னால் இசைத்தட்டு விற்றவர்தானே.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விற்பதற்குக் கடை வேண்டாம், ஃபோன் போதும். வாங்குவதற்குத்தான் கடை வேண்டும். இந்தத் தெருவுக்குப் பாக்குவெட்டியும் எனாமல் தூக்கும் விற்க வருகிறவர் கையில் பத்துத் தட்டும் இருக்கும். போர்டைப் பார்த்து உள்ளே வருவார். வீட்டில் இருந்துகொண்டு ஆன்லைனில் விற்கிறவருக்கு இந்த வரத்து கிடையாது. கடைக்கு நான் கொடுக்கும் வாடகை எல்லாம் இதற்காகத்தான்.

வரத்துக்கும் பருவம் உண்டு. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பெரிய வீடுகளில் பலவும் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும். முன்னோருக்குப் படைப்பு, மணிவிழா, கல்யாணம் என்று கதவைத் திறக்கும்போதுதான் டிரங்குப் பெட்டிகள் வெளியே வரும். அந்த நாட்களில் கையில் ரொக்கம் வைத்திருங்கள். நாளைக்கு வருகிறேன் என்று சொன்னால் பெட்டி வேறு கடைக்குப் போய்விடும்.

ஆனால் அவசரத்திலும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: வீட்டில் எத்தனை பங்காளி? நான் கேட்காமல் மாட்டிக்கொண்டேன். ஓர் ஆச்சி, "எல்லாம் எங்க மாமனார் ரெங்கூன்லேருந்து கொண்டாந்தது, எடுத்துக்கப்பா" என்றார். நாற்பது தட்டு. பணம் கொடுத்து எடுத்து வந்துவிட்டேன். ஒரு வாரத்தில் சென்னையிலிருந்து இன்னொரு பங்காளி வந்து நின்றார். பெட்டி இருந்தது பொது அறையாம். அதற்குள் ஆறு தட்டு விற்றுப்போயிருந்தது. மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்து, விற்றதற்குப் பணமும் கொடுத்து, இரண்டு மாதம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. இப்போதெல்லாம் என்ன வாங்கினேன், எவ்வளவுக்கு, யார் யாருக்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் பெட்டியைத் தொடுவதில்லை.

அடுத்தது தட்டைப் பார்க்கும் விதம். உறையை நம்பாதீர்கள். உள்ளே இருப்பது அதே தட்டுதானா என்று முதலில் பாருங்கள். பிறகு டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். மேலோட்டமான கீறல் மயிரிழை போலத் தெரியும், அது பரவாயில்லை. நகத்தில் தட்டுப்படும் கீறல் பாட்டிலும் தட்டும். லேபிளின் நடு ஓட்டையைச் சுற்றிப் பாருங்கள். இருட்டில் தடவித் தடவிப் போட்ட தட்டுக்கு அங்கே சிலந்திக் கால் போல வெள்ளிக் கோடுகள் ஓடும். அப்பாவின் தட்டுகள் முழுக்க அப்படித்தான். போதாக்குறைக்கு லேபிளில் பச்சைப் பெயின்ட்டால் கடைப் பெயர் வேறு. மைக் செட் தட்டு என்றால் நான் பாதி விலைகூடக் கொடுப்பதில்லை. சொந்த அப்பா விஷயத்தில் மட்டும் ஏமாந்தேன்.

நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய 78 வேகத் தட்டு வேறு சாதி. அது அரக்கும் கல்தூளும் சேர்ந்தது. கீழே விழுந்தால் அப்பளம். ஆரம்பத்தில் பூஞ்சை பிடித்த ஒன்றை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. அழுக்கு போகிறது என்று சந்தோஷமாக இன்னும் துடைத்தேன். போனது பாட்டு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, லேபிள் நனையாமல் மெல்லிய துணி, அவ்வளவுதான். போட்டுக்காட்டுவதற்கும் எல்.பி. என்கிற பிற்காலத்துப் பிளாஸ்டிக் தட்டின் ஊசி ஆகாது. 78-இன் பள்ளம் அகலம், அதற்கென்று நீடில் தனி. சாவி கொடுக்கும் கிராமபோன் என்றால் ஒரு பக்கத்துக்கு ஓர் இரும்பு ஊசி. சிக்கனம் பார்த்தால் தட்டு தேயும்.

அறை பிடிக்கும்போது தகரக் கூரையும் மேற்கு வெயிலும் வேண்டாம். எல்.பி. பிளாஸ்டிக்தானே, சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் ஒரு மதியம் விட்டால் அப்பளப்பூவாக வளைந்துவிடும். படுக்கவைத்து அடுக்காமல் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். அலமாரி சுவரைத் தொட வேண்டாம். கரையானுக்குப் பாட்டு பிடிக்காது, அட்டை பிடிக்கும்.

வியாபாரக் கணக்கு இப்படி: எக்கோ கம்பெனி போட்ட இளையராஜா எல்.பி.கள் நல்ல நிலையில் வந்தால் அந்த வாரமே போய்விடும். பக்திப் பாட்டு மெதுவாகப் போகும். 78 தட்டுகள் பெரும்பாலும் ஓட்டல் சுவரில் மாட்டுவதற்குத்தான் போகின்றன. வருத்தம்தான், ஆனால் வாடகை அதிலும் வருகிறது. மார்கழி, தையில் வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். சித்திரை, வைகாசியில் ஈ ஓட்டலாம். நான்கு மாத வாடகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் சரக்கு வாங்குங்கள். என் முதலில் பாதிக்கு மேல் இன்றைக்கும் அலமாரியில்தான் நிற்கிறது.

பளபளவென்று பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன்களை யாராவது வண்டியில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஹெச்.எம்.வி. கம்பெனியின் நாய் படத் தகடும் இருக்கும். பெரும்பாலும் புதிதாகச் செய்து பழசாக்கியது. விற்பதானால் புதுசு என்று சொல்லியே விற்றுவிடுங்கள்.

அப்புறம், கேட்க மட்டும் வருகிறவர்கள். ஒரு தட்டைப் போடச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டு, "ஆகா" என்று எழுந்து போவார்கள். விரட்டாதீர்கள், எந்த வீடு எப்போது திறக்கிறது என்ற தகவலும் அவர்கள் வாயிலிருந்துதான் வரும். கடையில் நாற்காலி இரண்டு போதும். நான் மூன்றாவதாக ஒன்று போட்டேன். மறுநாளே சீட்டுக்கட்டு வந்துவிட்டது.