தலைக்குக் கிளைக்கோலிக் அமிலம்: முடி கொட்டுகிறதென்று பூசுகிறவர்கள் விடும் தவறுகள்

போன மாதம் ஒரு பின்னேரம், கொழும்பு வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் பார்மசிக்கு ஒரு தங்கச்சி வந்தாள். குடையை மடக்கிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். முகத்துக்குப் பூசுகிற 7 வீத கிளைக்கோலிக் அமில டோனர். முக்கால்வாசி முடிந்திருந்தது.

“அக்கா, ரெண்டு மாசமா ஒவ்வொரு இரவும் இதைத்தான் தலைக்குப் பூசுறன். கொட்டுறது நிக்கேல்ல. இதைவிட ஸ்ட்ரோங்கானது இருக்கா?”

நெற்றியோரம் முடியை விலக்கிக் காட்டச் சொன்னேன். தோல் சிவந்து, வெங்காயத்தின் உள்தோல் மாதிரி மெல்லிசாக உரிந்துகொண்டிருந்தது. இந்த ஆறு மாதத்துக்குள் கடும் காய்ச்சல் ஏதும் வந்ததா என்று கேட்டேன். டெங்கு வந்து ஐந்து நாள் வைத்தியசாலையில் இருந்தாளாம். அது முடிந்து மூன்றாம் மாதம்தான் சீப்பில் கற்றை கற்றையாக முடி வரத் தொடங்கியிருக்கிறது. இரண்டையும் அவள் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. யாரும் அவளுக்குச் சொல்லவும் இல்லை.

இதைத் தலைக்குப் பூசினால் கொட்டுவது நிற்கும், புது முடி முளைக்கும் என்று டிக்டொக்கில் காட்டுகிறார்கள். கிளைக்கோலிக் அமிலம் விஷயத்தில் நான் பார்க்கும் தவறுகளில் முதலாவதும் பெரியதும் இதுதான்: முடி ஏன் கொட்டுகிறது என்று தெரியாமலே பூசத் தொடங்குவது. இந்த அமிலம் செய்வது ஒரே ஒரு வேலை. தோலின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் இறந்த கலங்களின் பிடியைத் தளர்த்தி உரியச் செய்கிறது. கரும்பிலும் இயற்கையாக இருக்கிற பொருள் இது. மூலக்கூறு மிகச் சிறியது என்பதால் தோலுக்குள் லேசாக இறங்கும். ஆனால் முடியின் வேர்க்குமிழ் இருப்பது தோலுக்கு அடியில், கொழுப்புப் படை வரைக்கும் ஆழத்தில். மேலே செதிலைக் கழற்றுகிற ஒன்று அங்கே போய் முடியை முளைக்க வைக்காது. தலைத்தோல் சுத்தமாகும், பிசுக்குக் குறையும், சிலருக்குச் சொறியும் அடங்கும். அவ்வளவுதான், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை விழுவது எல்லோருக்கும் வழமை. காய்ச்சல், பிரசவம், சத்திரசிகிச்சை, பட்டினி மாதிரியான டயட் இவற்றில் ஏதாவது உடம்பை உலுப்பினால், வளர்ந்துகொண்டிருந்த முடியில் பெரும் பங்கு ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அவையெல்லாம் சேர்ந்து விழும். அதனால்தான் காரணமும் விளைவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரிகின்றன. 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. மேல் மாகாணம்தான் அதிகம் அடிபட்டது. அந்த வருடத்தின் பிற்பாதியில் முடி கொட்டுகிறதென்று எங்கள் கவுண்டருக்கு வந்தவர்களை இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்த வகை உதிர்வு பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடும். அந்த நேரத்தில் தலையில் எதைப் பூசியிருந்தாலும், பெயர் அதற்குத்தான் போகும். டிக்டொக்கில் காட்டுகிற “பேபி ஹெயார்” (புதிதாக முளைத்த குட்டி முடி) பலதும் இப்படித் தானாக முளைத்ததாகவே இருக்கலாம். முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும். இரண்டு கிழமையில் அடர்த்தி வந்துவிட்டதென்று யாராவது காட்டினால் நம்பாதீர்கள்.

தானாக அடங்காத காரணங்களும் இருக்கின்றன. இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட் கோளாறு, பரம்பரையாக வரும் உதிர்வு. ஆண்களுக்கு நெற்றியின் இரண்டு மூலையும் ஏறுவதும் உச்சியில் முடி மெலிவதும், பெண்களுக்கு வகிடு அகன்றுகொண்டே போவதும் இந்தக் கடைசி வகை. இதற்கு மினொக்ஸிடில் போன்ற நிரூபணமான மருந்துகள் உண்டு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு முடி மிஞ்சும். டோனரைப் பூசிக்கொண்டு ஒரு வருடம் காத்திருந்தால், அந்த ஒரு வருடத்தில் மெலிந்த முடி அத்தனையும் திரும்பி வராது. காசு போனால் போகட்டும், இந்த இழப்புத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்தது, உரிவைப் பொடுகென்று நினைப்பது. அந்தத் தங்கச்சிக்கு நடந்ததும் இதுவே. அமிலத்தை அளவுக்கு மிஞ்சிப் பூசினால் தோல் காய்ந்து சின்னச் சின்ன வெள்ளைத் துகளாக உதிரும். தோள்பட்டையில் அதைப் பார்த்ததும் “ஐயோ, பொடுகு கூடிவிட்டது” என்று இன்னும் ஒரு தரம் பூசுவார்கள். தோல் இன்னும் உரியும். பூசுகிற கையே உரிவையும் கூட்டிக்கொண்டிருக்கும். வித்தியாசம் கண்டுபிடிப்பது பெரிய கஷ்டமில்லை. பொடுகுச் செதில் கொஞ்சம் பெரிது, மஞ்சள் சாயலோடு பிசுபிசுக்கும், நகத்தில் ஒட்டும். அமிலம் கிளப்பிய உரிவு காய்ந்த மா மாதிரி உதிரும். தோல் இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும், தண்ணீர் பட்டாலே எரியும். எரிந்தால் போத்தலை மூடி வைத்துவிட்டு இரண்டு மூன்று கிழமை எதையும் பூசாமல் விடுங்கள், தோல் ஆறிவிடும்.

உண்மையான பொடுகென்றால் அதில் மலசீசியா என்ற பங்கசுக்குப் பங்கு இருக்கிறது. செதிலை மட்டும் கழற்றி அதை அடக்க முடியாது. கீற்றோகொனசோல் 2 வீத ஷாம்பூவைக் கிழமைக்கு இரண்டு தரம், மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையில் ஊறவிட்டுக் கழுவினாலே அநேகமானவர்களுக்கு ஒரு மாதத்துக்குள் நல்ல மாற்றம் தெரியும். நுரைத்த உடனே கழுவிவிட்டு “வேலை செய்யவில்லை” என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

சரி, காரணம் தெரியும், பிசுக்குத் தலைக்காகத்தான் பூசுகிறேன் என்பவர்கள் பூசும் விதத்திலும் கவனம் வேண்டும். போத்தலில் உள்ள வீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். அமிலத்தின் கடுமை அதன் பிஎச் அளவிலும் இருக்கிறது. பிஎச் இறங்க இறங்கக் கடுமை ஏறும். அமெரிக்காவில் ஒப்பனைப் பொருள்களின் பாதுகாப்பை ஆராயும் நிபுணர் குழு, வீட்டில் பாவிப்பதற்கு வைத்த எல்லை 10 வீதத்துக்கு மேற்படாமலும் பிஎச் 3.5க்குக் குறையாமலும். ஒன்லைனில் 30, 50, 70 வீதப் போத்தல்களும் விற்கிறார்கள். அவை கிளினிக்கில், பயிற்சி பெற்றவர்கள் நிமிடம் பார்த்துப் பூசி, நேரத்துக்கு நடுநிலைப்படுத்தி எடுக்க வேண்டியவை. முகமென்றால் சிவப்பதைக் கண்ணாடியில் பார்க்கலாம், தலையில் முடி மறைத்துவிடும். அங்கே ஆழமாக எரிந்து தழும்பு விழுந்தால், அந்தத் தழும்பில் முடி முளைக்கவே முளைக்காது. எந்தத் தள்ளுபடிக்கும் அந்தப் போத்தலை வாங்காதீர்கள்.

எண்ணெய்த் தலையில் பூசுவது நம் வீடுகளில் நடக்கும் இன்னொரு தவறு. கிளைக்கோலிக் அமிலம் தண்ணீரில் கரைவது. தேங்காய் எண்ணெய் ஊறிய தலையில் அது ஓரிடத்தில் பிடிக்கும், ஓரிடத்தில் வழியும். சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகும் பழக்கம் இருந்தால், அதை அப்படியே வைத்துக்கொண்டு அமிலத்தை வேறொரு நாளுக்கு மாற்றுங்கள். காய்ந்த தலையில், வகிடு வகிடாகப் பிரித்து, துளித்துளியாகத் தோலில் வையுங்கள். ஸ்பிரே வேண்டாம், கண்ணுக்குள் போகும். பத்து நிமிடம் கழித்து மென்மையான ஷாம்பூவால் கழுவுங்கள். கிழமைக்கு ஒரு தரம் தாராளம். இரவு முழுக்கத் தலையில் விட்டுவிட்டுப் படுப்பதுதான் அந்தத் தங்கச்சியின் நெற்றியோரத்தைக் கெடுத்தது. முதல் தடவைக்கு முன்னர் காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

நகம் கீறிய புண், பேன் சொறிந்த இடம், சொரியாசிஸ் திட்டு, சீழ்க்கொப்புளம் இவற்றின் மேல் படவே கூடாது. டை அடித்த கிழமையிலும், முடி நேராக்கிய கிழமையிலும் வேண்டாம். மினொக்ஸிடில் பாவிப்பவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் பூசினால் எரிச்சல் கூடும். உரிந்த தோல் வழியாக மருந்து கூடுதலாக உள்ளே போகவும் வாய்ப்பிருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மினொக்ஸிடில் தொடங்கிய முதல் கிழமைகளில் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டுவது வழமை. அதற்குப் பயந்து மருந்தை விட்டுவிட்டு அமிலத்துக்கு மாறாதீர்கள். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் எடுக்கும்.

வெயில் பற்றிச் சுருக்கமாக. இந்த அமிலம் பூசிய தோல் வெயிலில் சுலபமாகச் சிவந்து எரியும். நிறுத்திய பிறகும் ஒரு கிழமைக்கு அந்தப் பாதிப்பு இருக்கும். மதியம் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வகிடு நேரே சூரியனைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். குடை பிடியுங்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் பூசிய அன்று ஹெல்மெட்டுக்குள் வியர்த்தால் எரிவு வரும், ஆகவே இரவில் பூசிக் கழுவிவிடுவது நல்லது.

காசு அளவில் வட்டமாக முடி போன இடம் (பூச்சிவெட்டு என்போமே, அது), சிறுபிள்ளையின் தலையில் செதிலோடு முடி உடைவது, நோவு, சீழ், புருவமும் சேர்ந்து கொட்டுவது: இவற்றுக்குக் கவுண்டரில் மருந்து கேட்காதீர்கள். பிள்ளைகளுக்கு வரும் தலைப் படைக்கு (தலைத்தோலில் வரும் பங்கசுத் தொற்று) வாயால் எடுக்கும் மருந்தே வேண்டும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தோல் கிளினிக் இருக்கிறது; வரிசை நீளம்தான், ஆனாலும் போங்கள். அந்தத் தங்கச்சியையும் ஹீமோகுளோபின், பெரிட்டின் (உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டுவது), தைரொயிட் பரிசோதனைகள் பற்றி டொக்டரிடம் கேட்கச் சொல்லித்தான் அனுப்பினேன். ஸ்ட்ரோங்கான போத்தல் எதுவும் கொடுக்கவில்லை.

ஏற்கெனவே பூசி, இப்போது எரிந்துகொண்டிருக்கிறதா? பைப்பைத் திறந்து, தலையைக் குனிந்து, ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம் விடாமல் கழுவுங்கள். தண்ணீர் முகப்பக்கம் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய், தேசிக்காய், பற்பசை எதுவும் வேண்டாம். கண்ணில் பட்டிருந்தால் இமையை விரித்துப் பிடித்து, அதே அளவு நேரம் கண்ணையும் கழுவுங்கள். கொப்புளம் வந்தாலோ, தோல் வெள்ளையாக மாறினாலோ, கண் பார்வை மங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். அதில் என்ன, எத்தனை வீதம் என்று அங்கே கேட்பார்கள்.