600 கி.மீ. ப்ரெவேயில் ஜிபிஎஸ் அணையாமலிருக்க

ப்ரெவே என்றால் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். அப்படி ஒன்றில், உளுந்தூர்பேட்டை தாண்டி விடியற்காலை மூணு மணி. ஹேண்டில்பாரில் இருந்த ஜிபிஎஸ் பொசுக்கென்று அணைந்துவிட்டது. சைக்கிளின் மேல் குழாயில் மாட்டும் டாப் டியூப் பையில் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க், பாதிக்கு மேல் சார்ஜ். ஒயரும் செருகித்தான் இருந்தது!

காரணம் பிறகுதான் புரிந்தது. ஜிபிஎஸ் நிரம்பியதும் துளித் துளியாகத்தான் கரண்ட் இழுக்கும். எதுவும் மாட்டவில்லை போல என்று பவர் பேங்க் தானே தூங்கிவிடும். பட்டனை அழுத்தினால்தான் முழிக்கும். நான் முந்தின நாள் மதியச் சாப்பாட்டின்போது செருகியதோடு சரி. திரையின் மூலையில் இருக்கும் பேட்டரி படத்தை யார் பார்த்தது?

அதனால், செருகியே வைக்காதீர்கள். 40 சதவீதத்துக்கு இறங்கியதும் செருகுங்கள், பட்டனை அழுத்தி மின்னல் குறி வருகிறதா என்று பாருங்கள், 85 வந்ததும் பிடுங்கிவிடுங்கள். கடைசி 15 ஆமை வேகத்தில்தான் ஏறும். பிடுங்கும்போது ஒரு கண் திரையில் இருக்கட்டும். வெளி மின்சாரம் போனதும் ‘அணையப் போகிறேன்’ என்று நொடி எண்ண ஆரம்பிக்கும் கருவிகள் உண்டு. ரத்து செய்யாவிட்டால், நீங்கள் வந்த வழியின் பதிவு அங்கேயே நின்றுபோகும்.

பவர் பேங்க் எவ்வளவு பெரியது வேண்டும்? 600 கி.மீ.க்குக் கெடு 40 மணி நேரம். மேப்பும் வெளிச்சமும் போட்டால் என் கருவி 12 மணி நேரம் தாங்கும். ஆக இன்னும் மூன்று முழுச் சார்ஜ் அளவுக்குக் கையில் வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் 10,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. 5 வோல்ட்டாக வெளியே வரும்போது ஆறாயிரத்துச் சொச்சம்தான் தேறும். போனையும் அதிலேயே ஏற்றுவதென்றால் 20,000 எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் டவரைத் தேடித் தேடியே போன் தீர்ந்துவிடும், ஃபிளைட் மோடில் போடுங்கள். சக்கரம் சுற்றும்போது மின்சாரம் தரும் டைனமோ ஹப் இருந்தாலும் அது தருவது 3 வாட்தான்; ராத்திரி லைட்டுக்கே சரியாகிவிடும்.

ஓடும்போது ஏற்றுவதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பையில் வெயிலில் வெந்த போன் சார்ஜ் வாங்காது. மழையென்றால் இன்னும் மோசம்: சார்ஜ் துளையில் ஈரம் பட்டால் போன் அடம்பிடிக்கும், ஜிப்லாக் கவர் அவசியம். ஒயர் குட்டையாக, முனை எல் மாதிரி வளைந்ததாக இருக்கட்டும். நீட்டிக்கொண்டிருக்கும் நேர் முனை ரோட்டுக் குலுக்கலில் துளையையே லூஸாக்கிவிடும்.

டீக்கடையில் டீ சொல்வதற்கு முன்னால், “அண்ணே, பிளக் பாயிண்ட் இருக்கா?” என்று கேளுங்கள். அங்கே ஏற்ற வேண்டியது பவர் பேங்க்கை அல்ல, போனையும் ஜிபிஎஸ்ஸையும். இருபது நிமிடத்தில் அவை கணிசமாக ஏறும், பவர் பேங்க்குக்கு அது உறைபோடக்கூடக் காணாது.

அன்றைக்கு நான் பட்டனை அழுத்தி, கருவி உயிர்வரும்வரை பெட்ரோல் பங்க்கில் நின்றேன். பதிவில் விழுந்த ஓட்டைக்குச் சாட்சியாக நேரம் அச்சடித்த ஒரு பில்லும் வாங்கிக்கொண்டேன், 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு.